அஸ்னகெச்சின் வாயும் ஊரார் கையும்

எத்தியோப்பியாவில் எங்கள் தெப்ரே பிர்ஹான் ஊரில் விருந்தென்றால் ஒருவர் வாயில் ஒருவர் கவளம் ஊட்டுவதுதான் பாசம். யாருக்காவது சர்க்கரை வியாதி என்று தெரிந்தால் போயிற்று, அன்றிலிருந்து அவருக்கு ஊட்டும் கவளம் பெரிதாகிவிடும். பாவம், உடம்பு தேறட்டும் என்று இஞ்செரா அப்பத்தைக் கிழித்து, நெய் மிதக்கும் கோழிக் குழம்பில் புரட்டி வாயில் திணிப்பார்கள். மறுத்தால் முகத்தில் அடித்த மாதிரி. ஒன்றோடு நிறுத்தினால் பகை வரும் என்று இரண்டாவதும் உண்டு.

போன ஈஸ்டரில் சர்க்கரை வியாதிக்காரி அஸ்னகெச் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். ஐம்பத்தைந்து நாள் விரதம் கிடந்த வயிறு, ஒரே பகலில் ஏழு வீட்டு விருந்து. ஏழாவது வீடு தம்பி ஷிமெலிஸுடையது.

"போதும்டா" என்றாள்.

"ஏன், என் கை மட்டும் கசக்குதா?"

வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரி. கால் விரலில் இருந்த புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. இன்னொரு பண்டிகை இப்படிப் போனால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். நாள் முழுக்க நின்றபடி இஞ்செரா சுட்டு விற்கிறவளுக்குக் கால்தான் பிழைப்பு. ஷிமெலிஸ் அதன்பிறகு வெட்கத்தில் அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை.

இந்த வருஷம் அவள் தயாராக இருந்தாள். ஆளி விதை கரைத்த தண்ணீர் குடித்து, ஒரு முட்டையும் கொஞ்சம் பருப்புமாக வீட்டிலேயே பசியாறி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு நடந்தே போனாள். எந்தக் கை தன்னை நோக்கி நீள்கிறதோ, அந்தக் கைக்காரர் வாயில் இவள் கவளம் முந்திக்கொண்டு போய்விடும். வாய் நிறைந்தவர் எப்படி வற்புறுத்துவார்?

"வந்ததும் வராததுமா என்னடி இப்படி ஊட்டுற?" என்று விக்கிக்கொண்டே கேட்டாள் பக்கத்து வீட்டு ஃபந்தாயே.

"பாசம்டி. வாயத் தொற."

ஆறு வீடு இப்படியே தாண்டியாயிற்று. ஏழாவதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. தம்பியை விட்டுவிட்டு என்ன பண்டிகை?

ஷிமெலிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தான். தட்டு முன்னால் இருந்தும் கை எழவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

"என்னடா, அக்காவுக்கு ஊட்ட மாட்டியா?"

"பயமா இருக்குக்கா."

"எனக்குப் பயமில்ல. அளவா வை."

இஞ்செராவில் விரல் நுனியளவு கிள்ளி, குழம்பைத் தொடாமல், துளி பாலாடைக்கட்டி மட்டும் வைத்து மடித்தான். கொண்டைக்கடலை அளவுகூட இல்லை. வாய்வரை கொண்டுபோனவன் சட்டென்று நிறுத்தினான். ஒன்றோடு நிறுத்தக் கூடாதே. இரண்டு கொடுக்கவும் பயம். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தத் துணுக்கையே இரண்டாகப் பிய்த்தான்.

"ரெண்டு" என்றான்.

அஸ்னகெச் வாயைத் திறந்தாள். அந்த இரண்டையும் நெடுநேரம் மென்றாள்.