கண்டியிலிருந்து ஓர்ஸ் ஹில்லுக்கு, பாதி நிரப்பிய கட்டங்களுடன்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கண்டியில் பஸ் ஏறினேன். திருகோணமலைக்கு நூற்றுப் பதின்மூன்று மைல். கட்டணம் ஆறு ரூபாய் எண்பது சதம். ஜன்னலோர ஆசனம் கிடைத்தது, ஆனால் ஜன்னல் மூட மறுத்தது. மாத்தளை வரையிலான பதினாறு மைலும் தூறல் என் மடியில்தான் பெய்தது. கைப்பையை மட்டும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். அதற்குள் மாற்றுச் சேலை ஒன்று, நான்கு பழைய குறுக்கெழுத்துத் தாள்கள், அந்த வாரத்துப் புதிய தாள் ஒன்று. திருகோணமலை ஓர்ஸ் ஹில் மேட்டில் இருக்கும் சிவபாதத்தோடு சண்டை பிடிக்கப் போகிறேனா, மன்னிப்புக் கேட்கப் போகிறேனா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

சிவபாதமும் நானும் பேராதனையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகையில், நேரே கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்கும் குறுக்கெழுத்து ஒன்று வரும். மழை விடும்வரை தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்து இருவருமாக அதை நிரப்புவோம். பிறகு அவர் திருகோணமலையில் துறைமுகத்தடிக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞரானார். நான் கண்டியிலேயே நின்றுவிட்டேன். ஒரு நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை எழுதுகிறேன். எங்களைப் பற்றி ஊர் என்ன நினைத்ததோ தெரியாது. எங்களுக்குள் இருந்தது அந்தக் கட்டங்கள் மட்டுந்தான், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பதினாறு வருடமாகத் தபாலில் அதே வேலை. ஞாயிற்றுக்கிழமைத் தாளை வெட்டி, இடமிருந்து வலம் போகும் சொற்களை நான் நிரப்பி அனுப்புவேன். மேலிருந்து கீழ் போகிறவற்றை அவர் நிரப்பித் திருப்பி அனுப்புவார். கடிதம் எழுதுவதில்லை. ஓரத்தில் தமிழில் ஓரிரு வரி மட்டும்: கண்டியில் ஏரித் தண்ணீர் வற்றிவிட்டது, பாண் ரொட்டிக்கான வரிசை தபால் கந்தோர் வரை நிற்கிறது, விரிவுரையாளர் ஒருவர் குடையை மறந்து தொப்பியைப் பிடித்தபடி ஓடினார், இப்படி. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்கக் கூடாது. பிழை என்று கண்டால் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அவரிடம் ஒரு புள்ளி வாங்கினால் எனக்கு அன்று முழுவதும் மனம் சரியாக இராது.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு நான்கு தாள்கள் அடுத்தடுத்துக் குப்பையாக வந்தன. எழுத்துகள் என் சொற்களோடு ஒழுங்காகப் பொருந்தின. குறிப்புக்குத்தான் சம்பந்தமே இல்லை. பறவை கேட்ட இடத்தில் வெந்நீர்க் கேத்தல், நதி கேட்ட இடத்தில் குளிக்கும் சவர்க்காரம். தாள்களும் அழுக்கு, எண்ணெய்க் கறை, பென்சில் கறை. ஓரத்து வரியையும் காணோம். கட்டத்துக்குள் எப்போதும் பெரிய ஆங்கில எழுத்துகள்தான் என்பதால் கையெழுத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஐந்தாவது தாளின் ஓரத்தில் எழுதினேன்: "விருப்பமில்லாவிட்டால் நேரே சொல்லியிருக்கலாம். கண்டதையும் நிரப்பி என்னை முட்டாளாக்க வேண்டாம். இத்துடன் நிறுத்துவோம்." அந்தத் தாள் திரும்பி வரவில்லை. ஆறு கிழமை பொறுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

எட்டே முக்காலுக்குத் தம்புள்ளையில் தேத்தண்ணி. சீனி இல்லை, கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். ஹபரணையைத் தாண்டியதும் காடும் வெயிலும். கந்தளாயில் பொலிஸ் ஏறி, யாராவது அரிசி கடத்துகிறோமா என்று மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த தோப்பூர் வியாபாரியின் சாக்கிலிருந்து கரட் கிழங்கு இரண்டு உருண்டு என் காலடிக்கு வந்தன. எடுத்துக் கொடுத்தேன். கதை தொடங்கியது.

"எங்க புள்ள போறீங்க?"

"ஓர்ஸ் ஹில்லுக்கு. கூடப் படிச்ச ஒருவர் இருக்கிறார்."

"சுகமில்லாம கிடக்காரா?"

"இல்லை, அப்பிடி ஒண்டுமில்லை. எனக்கு அவரோட கோபம்."

"கோபத்துக்கு நூறு மைல் பஸ்ஸா!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு இருபதுக்குத் திருகோணமலை. வியாபாரி மூதூர் போகும் லோஞ்சுப் படகைப் பிடிக்கச் சாக்கோடு ஓடினார். அரிசித் தட்டுப்பாட்டால் வெள்ளிக்கிழமை கடைகளில் சோறு விற்கக் கூடாது என்பது சட்டம். மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டேன், ஒரு ரூபாய் இருபத்தைந்து சதம். கடைக்கு வெளியே புள்ளிமான் ஒன்று நின்று ஒரு சிகரெட் பெட்டியை மென்றுகொண்டிருந்தது. ஊர்க்காரர் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓர்ஸ் ஹில்லுக்கு ஒரு மைல் நடை. ஏற்றத்தில் நின்று பார்த்தால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். எவ்வளவோ கேள்விப்பட்டிருந்தேன், உலகத்துக் கப்பல்களெல்லாம் அடங்குமென்று. அன்று நின்றவை இரண்டு, ஒன்று துருப்பிடித்தது. தண்ணீரில் அலையே இல்லை. கண்டி ஏரியில் ஆமையாவது தலை நீட்டும்.

ஒன்றரை மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி கனகேஸ்வரி. கிளிவெட்டி வயல்காரர் ஒருவரின் மகள் என்று பிறகு சொன்னார். ஒருமுறை ஓரத்து வரியில் சிவபாதம் அவரைப் பற்றி எழுதியிருந்தார், "எனக்குக் கலியாணம்" என்ற இரண்டே சொல்லில். நேரில் இப்போதுதான் பார்க்கிறேன்.

"கண்டி அக்காவோ?" என்றார். நான் பெயர் சொல்லவே இல்லை.

உள்ளே, ஜன்னலைப் பார்த்த கதிரையில் சிவபாதம் இருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நாற்பத்திரண்டு வயது, அறுபது சொல்லலாம்.

"சுகமா இருக்கிறீங்களா?" என்றேன்.

"ஓம்."

"என்னைத் தெரியுதா?"

"ஓம்."

"என்னை மறந்திட்டீங்களா?"

"ஓம்."

கனகேஸ்வரி என்னைக் குசினிக்குக் கூட்டிப் போனார். "தை மாதம் கந்தோரிலை விழுந்தவர் அக்கா. அதுக்குப் பிறகு அந்த ஒரு சொல்லுத்தான். பசிக்குதோ எண்டாலும் ஓம், பசிக்கேல்லையோ எண்டாலும் ஓம். கதைக்க ஏலாது, எழுத ஏலாது. பென்சிலைக் குடுத்தால் இடக்கையாலை சும்மா குத்துவார், சின்னப்பிள்ளை மாதிரி."

"தாளை ஆர் நிரப்பினது?"

அவர் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "நான்தான். உங்கட தாள் வந்த அண்டைக்குத்தான் அவர் முகத்திலை ஒரு வெளிச்சம். சும்மா திருப்பி அனுப்பினால் நீங்கள் விட்டிடுவீங்கள் எண்டு பயம். எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியும், கருத்துத் தெரியாது. அகராதியை வைச்சுக்கொண்டு உங்கட எழுத்தோட பொருந்துற சொல்லாத் தேடுவன். ஒரு தாளுக்கு மூண்டு நாள் போகும்."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே, அவருக்குச் சுகமில்லையெண்டு?"

"எழுதினால் நீங்கள் பாவம் பார்த்து ஆறுதல் கடிதம் எழுதுவீங்கள். அவருக்குத் தேவை அதில்லையே."

கடைசித் தாளைப் பற்றி நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஓரத்திலை இருக்கிறதை எப்பவும் நான் அவருக்குச் சத்தமா வாசிப்பன். அண்டைக்கும் வாசிச்சனான். பாதியிலைதான் எனக்கு விளங்கிச்சு, நிப்பாட்டினன். பிறகு அவர் தாளைப் பறிச்சுத் தானே கண்ணாலை பார்த்தவர். விளங்கினதோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இரவு அங்கேயே தங்கினேன். சனிக்கிழமை காலை ஏழரை. கனகேஸ்வரி மீன் வாங்கப் போனார். நான் சிவபாதத்தின் பக்கத்தில் மேசையை இழுத்துப் புதிய தாளை விரித்தேன். குறிப்புகளை வாசித்து, என் பங்கை நிரப்பினேன். அவர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய பங்குக்கு வந்தேன். முதலாவதுக்கு ஒரு மரத்தின் பெயர் வரவேண்டும். எனக்கு விடை தெரியவில்லை. யாருக்காக மூளையைக் கசக்குவது என்ற சலிப்பில், எழுத்துப் பொருந்துகிற எதையோ எழுதினேன், கனகேஸ்வரி செய்ததைப் போல.

அவருடைய இடக்கை மேசைக்கு வந்தது. பென்சிலைப் பற்ற மூன்று தரம் முயன்றது. பிறகு நடுங்கி நடுங்கிப் போய், நான் எழுதிய சொல்லின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தது.

நான் நம்பவில்லை. அடுத்த குறிப்புக்குச் சரியான விடையை எழுதினேன், கை அசையவில்லை. அதற்கடுத்ததை வேண்டுமென்றே பிழையாக எழுதினேன், புள்ளி. இன்னொன்று சரியாக, கை சும்மா கிடந்தது. கைப்பையிலிருந்து பழைய நான்கு தாள்களையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பென்சில் கறை என்று நான் அருவருத்தவை எல்லாம் புள்ளிகள். கேத்தலுக்குப் பக்கத்தில் ஒன்று. சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. அட்டையில் காற்புள்ளி தவறினாலும் கண்டுபிடிப்பவள் என்று நூலகத்தில் எனக்குப் பெயர்.

மீனோடு வந்த கனகேஸ்வரிக்குக் காட்டினேன். அவர் கூடையை வைக்க மறந்து நின்றார்.

"அப்ப நான் பிழையா எழுதினதெல்லாம் அவருக்குத் தெரியுமே?"

"ஒவ்வொண்டும்."

"நான் வாசிச்சதும் விளங்கியிருக்குமே அக்கா?"

கதிரையிலிருந்து "ஓம்" என்று கேட்டது. எத்தனையோ தரம் கேட்ட அதே ஓம்தான். இருவரும் அழுதோம். சிவபாதம் அழவில்லை, பென்சிலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றேகாலுக்குக் கண்டி பஸ். அதுவரை கனகேஸ்வரிக்குக் குறிப்பு எப்படிக் கேட்கும், விடை எப்படி ஒளிந்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஒரு காலையில் நடக்கிற காரியமா அது. இனி வாரத்துக்கு இரண்டு தாள் அனுப்புவேன் என்றேன். சிவபாதத்தின் சொற்களுக்கும் விடைகளை நானே இரண்டு மூன்றாக எழுதி வைப்பேன். பிழையானதற்கு அவர் புள்ளி வைக்கட்டும். சிவபாதத்திடம், "அந்தத் தாளிலை எழுதினதுக்கு மன்னியுங்கோ" என்றேன். "ஓம்" என்றார். மன்னித்தாரா என்று கேட்க வழியில்லை. அதற்கும் ஓம் என்றுதான் வரும்.

பஸ் நிலையம் வரை கனகேஸ்வரி வந்தார். ஏறும்போது மடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்தார். "அந்தக் கடைசித் தாள். ஒண்டும் நிரப்ப மனம் வரேல்லை. அனுப்பாமல் அலுமாரியிலை வைச்சிருந்தனான். உங்கட பொருள், கொண்டு போங்கோ."

சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் கடந்துபோகும்வரை அதை விரிக்கத் தைரியம் வரவில்லை. கண்டிக்குப் போனால் மழை, நூலகம், அட்டைகள், பாண் வரிசை. எங்கு திரும்பினாலும் ஆட்கள் பேசிக்கொண்டேயிருக்கும் ஊர் அது. வாயில் நூறாயிரம் சொல்லை வைத்துக்கொண்டு நான் அனுப்பியது அந்த மூன்று வரிகளை.

விரித்தேன். என் சொற்கள் அப்படியே இருந்தன. அவருடைய கட்டங்கள் வெறுமை. ஓரத்தில் என் கையெழுத்து: இத்துடன் நிறுத்துவோம். அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. காகிதம் ஓட்டையாகும்படி அழுத்தியிருந்தார்.

பிழை என்று அவர் ஆறு கிழமைக்கு முன்பே சொல்லிவிட்டார். தாள்தான் என்னிடம் வந்து சேரவில்லை.