உப்புத் தண்ணி

எண்பதுகளின் நடுவில் நான் பீர்க்கன்கரணையில் குடியேறியபோது, அங்கே தண்ணீரில் இரண்டு வகை இருந்தது. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி; துவைக்கவும் கழுவவும் உப்புத் தண்ணி. நல்ல தண்ணிக்கு குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு நடக்க வேண்டும். நான் இருந்த வீட்டுக் கிணறு தப்பித் தவறி நல்ல தண்ணீராக அமைந்துவிட்டதால் இந்த வித்தியாசம் என் காதிலேயே விழவில்லை. கும்பகோணம் பக்கத்துக்காரியான எனக்கு உப்புத் தண்ணீர் என்றால் கடல், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தால்தான் பர்மனென்ட் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தார். எட்டாம் வகுப்புக்கு நீர்ச் சுழற்சிப் பாடம். ஸ்டவ்வில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மேலே ஒரு தட்டைப் பிடித்து, ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராகச் சொட்டுவதைக் காட்டுவதாகத் திட்டம். முதல் பெஞ்சுப் பெண்ணிடம், "சட்டியில கொஞ்சம் உப்புத் தண்ணி வை" என்று சொல்லியிருந்தேன்.

ஆபீசர் வந்தார். சட்டியைக் காட்டி, "இதுதான் கடல்னு வெச்சுக்குங்க" என்று பிள்ளைகளிடம் ஆரம்பித்தேன். ஸ்டவ்வைப் பற்றவைக்கும் முன்பே சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது? கடல்னு சொல்றீங்க, உப்பே இல்லையே?"

வகுப்பு சிரித்தது.

"என்ன தண்ணிடி ஊத்தின?" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"உப்புத் தண்ணிதான் டீச்சர். நம்ம அடி பம்பு தண்ணி."

"அறிவிருக்கா உனக்கு? பெஞ்சு மேல ஏறி நில்லு!"

ஏறி நின்றாள். நான் அதே தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, பாடத்தை ஒப்பித்துக்கொண்டே போனேன். தட்டில் துளிகள் சேர்ந்தன, சட்டி வற்றியது. ஆபீசர் குறுக்கே புகுந்து, "மழை கடல்லேருந்து வருதுங்கறீங்க. மழை உப்பா இல்ல, கடல் மட்டும் ஏன் உப்பா இருக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்டார். முதல் பாதிக்கு என் நோட்ஸில் பதில் இருந்தது. இரண்டாவது பாதிக்கு இல்லை.

பெஞ்சு மேலிருந்துதான் பதில் வந்தது.

"சார், அந்த சட்டியப் பாருங்க. அடியில வெள்ளையா கீது. எங்க வூட்டு வெந்நி குண்டான்லயும் இப்படித்தான் படியும். எங்கம்மா புளி போட்டு தேச்சிக்கினே இருப்பாங்க. தண்ணி மட்டும் மேல பூடுது சார், உப்பு இங்கயே தங்கிடுது. கடலும் குண்டான் மாதிரிதான். ஆத்துத் தண்ணி மண்ணுல கீற உப்ப கொஞ்சங்கொஞ்சமா கொண்டாந்து ஊத்திக்கினே கீது."

ஆபீசர் சட்டியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பம்புத் தண்ணின்னு தெரிஞ்சும் மாத்தாம, அதை வெச்சே நடத்திட்டீங்க. நல்ல ஐடியா" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

அது என் ஐடியா இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. வேலை பர்மனென்ட் ஆயிற்று. தொண்ணூறுகளிலும் அந்தப் பாடத்தை அடி பம்புத் தண்ணீரில்தான் நடத்தினேன். புதிதாக வந்த டீச்சர்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடமும் இது என் யோசனை என்றுதான் சொன்னேன்.

இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். ஆனால் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அன்று ஆபீசரை வழியனுப்ப கேட் வரை போய், ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் காபி குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன். அந்தப் பெண் இன்னும் பெஞ்சு மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். இறங்கு என்று நான் சொல்லவே இல்லை.