புதுக் கன்சோலும் வாசல் செருப்புகளும்

அந்த யோசனை எனக்கு எர்ணாகுளத்தில் ஒரு கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றபோது வந்தது. கண்ணாடிக்குப் பின்னால், அந்த வாரம்தான் வெளிவந்த புது வீடியோ கேம் கன்சோல். ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாட விடும் கேம் கடை போடவிருந்த சித்தப்பா, பழைய கன்சோல் இரண்டு வாங்கத்தான் அன்று வந்திருந்தார். ஆறாம் வகுப்பில் படித்த நான் அவருடைய ஆலோசகர். என்னை நியமித்தது நானேதான்.

"சித்தப்பா, மட்டாஞ்சேரியில ஒருத்தர்கிட்டயும் இது இல்ல. நம்மகிட்ட மட்டும்தான் இருக்கும்!"

அவர் விலைச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி விலைச்சீட்டைப் பார்த்தார். "மோளே, இந்தக் காசுக்குப் பழசு ரெண்டு வாங்கி, ஒரு டிவியும் வாங்கலாம்."

நான் விடவில்லை. படகில் திரும்பும்போது பெட்டி அவர் மடியில் இருந்தது. சந்தோஷத்தில் என்னால் உட்காரவே முடியவில்லை.

பெட்டியோடு வந்தது ஒரே ஒரு கேம். காட்டுக்குள் ஒருவன் தனியாக நடப்பான். இலையில் மழைத்துளி உருளுவதுகூடத் தெரியும். இதற்கான கால்பந்து கேம் வர இன்னும் சில மாதம் ஆகும் என்றார்கள். ஆகட்டுமே என்று நினைத்தேன். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே, சித்தப்பா மணிக்கு அறுபது ரூபாய் என்று எழுதி ஒட்டினார். எதிரே ஏற்கெனவே கேம் கடை நடத்திய, எல்லோரும் இக்கா என்று கூப்பிடும் அண்ணனிடம் பழைய கன்சோல், கால்பந்து, மணிக்கு இருபது.

திறந்த அன்று வாசலில் செருப்புகள் குவிந்தன. முப்பத்திரண்டு ஜோடி எண்ணிவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன். உள்ளே காசு கொடுத்து விளையாடியவன் ஒருவன்தான். அவனை எண்ணத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் செருப்பெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. கூடப் படித்த பையனை வழிமறித்தேன்.

"அறுபது ரூபா கொடுத்து மழை பாக்கணுமா? வெளிய சும்மா பெய்யுதே! ஒருத்தன் களிக்க, பாக்கிப் பேரு வாயப் பொளந்து நிக்கணும். நீ அங்க வா, நாலு பேருல ஒரு ஆள் குறையுது."

கோபமாக வந்தது. கோபத்தோடேயே எதிர்க்கடைக்குப் போனேன். போனவள் நேரத்தை மறந்தேன். தேடி வந்த சித்தப்பா குவியலில் என் செருப்பைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தபோது வாசலில் நனைந்துகொண்டு நின்றார். நான்கு பேர் விளையாட, அடுத்த முறைக்குப் பத்துப் பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு ஜெயிச்சது?"

"நான்தான்!"

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ஒரு மாதத்தில் கன்சோல் பாதி விலைக்கு ஆலுவாவில் யாருக்கோ போயிற்று. சித்தப்பா மறுபடி ஓட்டலுக்குப் போனார். என் ஆட்டத்தைக் கலைக்க மனமில்லாமல்தான் அன்று வெளியே நின்றார் என்று பல வருடம் நம்பினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தன் கடைக்கு வராத அந்தப் பத்துப் பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போது கல்லூரியில் நானே ஒரு கேம் செய்திருக்கிறேன். நான்கு பேர் ஒரே திரையில் விளையாடலாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். வரும் செவ்வாய்க்கிழமை சித்தப்பாவுக்கு லீவு. இரண்டு தோழிகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான்காவது ஆள் அவர்தான். விலை இன்னும் போடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.