நர்சிங் சீட்டும் அப்பாவின் இருமலும்

நர்சிங் காலேஜில் எனக்குச் சீட்டு கிடைத்துவிட்டது என்று மெயில் வந்தபோது நான் ஷார்ஜாவில், ரோலா ஸ்டாண்டில், துபாய் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நின்றவர்கள் நகர்ந்து போனது தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் "யல்லா, யல்லா" என்று தள்ளினார்கள். வரிசையை விட்டு விலகி, ஒரு கடை ஓரமாக நின்று மறுபடி வாசித்தேன். அன்றைக்கு டூட்டிக்குப் போகவில்லை. பல் கிளினிக் ஒன்றின் ரிசப்ஷனில் உட்கார்ந்து அடுத்தவன் கடைவாய்ப் பல்லுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற டூட்டிதானே, போனால் போகிறது என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

அம்மாவுக்கு அன்று ஆஃப். அவள் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். நான் பிறப்பதற்கு முன்பே கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்தவள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். கட்டிப்பிடிப்பாள், மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவாள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் கையைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டி, முழுக்க வாசித்துவிட்டு, "மெடிக்கல் டெஸ்ட் உண்டா மக்களே?" என்று கேட்டாள்.

"சீட்டு கிடைச்சிருக்குன்னு சொல்லுதேன். நீ மெடிக்கலக் கேக்க?"

"இல்ல, கேட்டேன்" என்றாள். மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். எரிச்சலில் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

அந்தச் சீட்டு எனக்கு எவ்வளவு பெரிது என்று சொன்னால்தான் அந்த எரிச்சல் புரியும். நான் பிறந்தது, படித்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது எல்லாம் ஷார்ஜாவில். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் இந்தியாவுக்கும், வசதியுள்ளவர்கள் கனடாவுக்கும் போனார்கள். என்னையும் ஊருக்கு அனுப்பி ஹாஸ்டலில் சேர்க்கப் பார்த்தார்கள். ஊர் எனக்கு லீவுக்குப் போகிற இடம். அங்கே எனக்கு வயிற்றுப்போக்கு வரும், எல்லாரும் என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இங்கேயே, கம்யூனிட்டி காலேஜ் மாதிரி, அதிகம் அலட்டிக்கொள்ளாத ஒரு காலேஜில் நர்சிங் டிப்ளமா இருந்தது. முதல் தடவை விண்ணப்பித்தபோது இல்லை என்றுவிட்டார்கள். இது இரண்டாவது தடவை. இதுவும் போனால் ரிசப்ஷன்தான், அல்லது கல்யாணம்தான். இரண்டையும் நான் வெறுத்தேன்.

அப்பா சாயங்காலம் வந்தார். ஏசி டெக்னீஷியன். ஊரில் அவருடைய அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஒருவர்தான் தண்ணீரை விட்டு ஓடிவந்து இங்கே ஏசிக் காற்று போகிற டக்ட்டுக்குள் தவழ்ந்தார். சீட்டு கிடைத்ததைச் சொன்னதும் "என் மக்கா" என்று இரண்டு கையையும் நீட்டினார். நீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, பின்னால் நகர்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு இருமினார். எங்கள் ஃபிளாட்டில் மூன்று குடும்பங்கள். ஹாலைப் பிளைவுட் வைத்து மறித்ததில் பாதி எங்களுடையது. அந்தப் பக்கம் ஒருவர் பாயைச் சுருட்டினாலும் இந்தப் பக்கம் கேட்கும். அதனால்தான் குழாய்.

இருமலுக்குக் காரணம் டக்ட் தூசி என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு டிபி. அம்மாவுக்கு அது தெரியும். தன் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் கெஞ்சி, பெயர் போடாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தாள். எனக்கு மட்டும் தெரியாது.

இங்கே இருக்கிறவர்களுக்கு நெஞ்சுப் படம் என்றால் என்ன பயம் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் விளங்காது. விசா புதுப்பிக்கப் போகும்போது படம் எடுப்பார்கள். நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தால் கலாஸ், முடிந்தது, பெட்டியைக் கட்டு என்பது எல்லா ரூமிலும் சொல்லப்படுகிற கதை. சவூதியில், ஜித்தாவின் ஷரஃபியாவில் கடை வைத்திருந்த அம்மாவின் சித்தப்பாவை அப்படித்தான் ஊருக்கு ஃபிளைட் ஏற்றிவிட்டார்கள். அப்பாவின் விசாவில்தான் நான் இருந்தேன். அப்பா போனால் நான் போவேன், நான் போனால் காலேஜ் போகும். புதுப்பிக்கிற நாள் வருவதற்குள் ஆளைச் சுகமாக்கிவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டாள். நர்ஸ் அல்லவா, மருந்து என்னவென்று தெரியும்.

ஆனால் அந்த மருந்தை இங்கே சும்மா கடையில் வாங்க முடியாது. ஊரில் தெரிந்த ஒருவர் மூலம் வாங்கி, லீவு முடிந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்ப வைத்தாள். கருவாட்டுப் பொட்டலத்துக்குள் மாத்திரை வந்தது. கொண்டுவந்தவர்களுக்கு அது சத்து மாத்திரை. யாராவது லீவில் போனால் மருந்து வரும். போகாவிட்டால் வராது. ஒருவர் தங்கச்சி கல்யாணம் என்று லீவை நீட்டினால் அப்பாவுக்கு மாத்திரை கிடையாது. அப்படிப்பட்ட நாட்களில் அம்மா இரண்டு மாத்திரை தரவேண்டிய இடத்தில் ஒன்று தந்து இழுத்திருக்கிறாள். கிளினிக்கில் நோயாளிகளிடம் "மருந்த நடுவுல விட்டுராதீங்க" என்று தொண்டை கிழியச் சொன்னவள்தான் இதைச் செய்தாள்.

அப்பாவுக்கு மட்டும் தனித் தட்டு, தனித் தம்ளர். ஜெபமாலை சொல்லும்போது எங்களுக்கு முதுகு காட்டி உட்காருவார். அந்த மாத்திரை சிறுநீரை ஆரஞ்சாக்கும். டாய்லெட்டில் அந்த நிறம் பார்த்து ஒருநாள் கேட்டேன். காரட் ஜூஸ் குடிக்கிறார் என்றாள் அம்மா. என்ன பதில் அது. நம்பினேன்.

காலேஜ் மெடிக்கலை அம்மாவின் கிளினிக்கிலேயே எடுக்கலாம் என்று முடிவானது. ரத்தம் எடுத்தார்கள். டிபிக்கு முன்கையில் தோலுக்கடியில் ஒரு ஊசி. அதை அம்மாவே போட்டாள். ஊசி போட்ட இடம் எவ்வளவு வீங்குகிறது என்று இரண்டு மூன்று நாள் கழித்து அளந்து எழுதவேண்டும், அவ்வளவுதான் விஷயம். வீக்கம் இல்லை என்று எழுதிவிட்டால் படம் எடுக்கத் தேவையில்லை, காலேஜும் கேட்காது.

அளக்கவேண்டிய அன்று காலையில் அம்மா கிளினிக்குக் கிளம்புமுன் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். வெளிச்சத்தில் கையைத் திருப்பினாள். நெல்லிக்காயைத் தோலுக்குள் வைத்துத் தைத்தமாதிரி இருந்தது. அவள் விரலால் மட்டும் தடவினாள், அளக்கவில்லை.

"படம் எடுக்கணும்" என்றாள்.

"எதுக்கு? இந்தியாக்காரங்க எல்லாருக்கும் இது வீங்கும். சின்னப் பிள்ளையில போட்ட ஊசியாலன்னு நீயே சொல்லியிருக்க. ஒண்ணுமில்லன்னு எழுதிரு."

"உனக்கு ராத்திரி வேர்க்குதுல்லா?"

"ஏசிய அணைச்சா யாருக்குத்தான் வேர்க்காது?"

"மெலிஞ்சிருக்க."

"அம்மா, எழுதிரும்மா" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். எனக்கு அப்போது அப்பாவின் நோயும் தெரியாது, அவள் முகம் ஏன் அப்படி வெளுத்துக் கிடக்கிறது என்றும் தெரியாது. பாழாய்ப்போன சீட்டைத் தவிர எதுவும் என் மண்டையில் இல்லை. அவள் என் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "செருப்பப் போடு" என்றாள்.

படத்தில் வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைத் திட்டு. கிளினிக் டாக்டர் மலையாளி, வயதானவர், யாரிடமும் கத்தாதவர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "வீட்டில் யாருக்கு இருமல்?" என்று கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னோடு முடிந்திருக்கும். அப்பா தப்பித்திருப்பார். அம்மா யூனிஃபார்மில் நின்றுகொண்டு, "என் வீட்டுக்காரருக்கு" என்றாள். பிறகு எல்லாவற்றையும், கருவாட்டுப் பொட்டலம் உட்பட, ஒப்பித்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். என்னைப் பெற்றவள், நர்ஸ், ஒரு அறையில் என்னை டிபியோடு படுக்க வைத்திருக்கிறாள். அவளை அடிக்கவேண்டும்போல இருந்தது. உண்மையாகவே கை எழுந்தது.

அப்பாவையும் என்னையும் அரசாங்க மருத்துவ மையத்துக்கு அனுப்பினார்கள், அம்மாவும் கூட வந்தாள். அப்பா பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார், அங்கிருந்தே ஏர்போர்ட்டுக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற நினைப்பில். அங்கே இருந்த டாக்டர் அரபிப் பெண். கோப்பைப் புரட்டிவிட்டு இங்கிலீஷில் கேட்டார்: "இவர் இத்தனை வருஷமாக இங்கே விசாவில் இருப்பவர். புதுப்பிக்கும்போது கண்டுபிடித்தால் இங்கேயே மருந்து கொடுத்து, விசாவும் கொடுப்போம். புதிதாக வருகிறவர்களைத்தான் திருப்பி அனுப்புவோம். இது மாறி வருஷங்கள் ஆகிறது. ஏன் மறைத்தீர்கள்?"

அம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரையும் கேட்கவில்லை அவள். கேட்டால் கேட்டவர் சந்தேகப்படுவார் என்று கேட்கவில்லை. ஷரஃபியா சித்தப்பாவின் பழங்கதையை நம்பி ஆளைக் கொன்றுகொண்டிருந்தாள். கொடுமை என்றால் இதுதான்.

விட்டு விட்டுச் சாப்பிட்டதால் அப்பாவின் கிருமிக்கு அந்த மாத்திரை பழகிப்போயிருந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள், அதில் அவருக்குக் காது மந்தமானது, சாப்பாடு நிற்கவில்லை. நான் முதலிலேயே, கிருமி மருந்துக்குக் கெட்டிப்படுவதற்கு முன்பே, நோயை வாங்கிவிட்டேன் என்றார் டாக்டர். என் உடம்பு சாதாரண மருந்துக்குக் கேட்டது. ஒரே அறையில் ஒரே நோய், எனக்குப் போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. இதை இன்றுவரை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

காலேஜில் அட்மிஷன் பார்க்கிற அம்மையார் நல்லவர். சளிச் சோதனை சுத்தமாக வந்தால் அடுத்த பேட்சில் சேரலாம் என்றார். "ஒரு தடவைதான் தள்ளி வைக்க முடியும். முதல் நாள் நீ நேரில் வராவிட்டால் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்" என்றும் சொன்னார். அம்மாவை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் ஊசி போடுகிற அறையிலிருந்து எடுத்துப் பின்னறையில் ஃபைல் அடுக்க வைத்தார்கள். என் விசாவைத் தன் பேருக்கு மாற்றினாள்; அப்படி மாற்றலாம் என்பதையும் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் அவளோடு பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டு, பேசவில்லை.

அப்பாவால் இனி யாருக்கும் தொற்றாது என்று ஆனதும் அவர் ஊருக்குப் போகிறேன் என்றார். நெஞ்சில் பாதி போய்விட்டது, டக்ட்டுக்குள் இனி எங்கே தவழ்வது. ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப்பிடித்தார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு முதல் தடவை. எலும்புதான் தட்டுப்பட்டது. "அம்மகூடப் பேசு மக்கா. அவ எனக்காக இல்ல, நீ இங்க இருக்கணும்னுதான் அதச் செய்தா" என்றார். எனக்கு அது இன்னும் கோபத்தைத்தான் தந்தது. நான் கேட்டேனா?

என் சோதனை சுத்தமாக வந்தது. காலேஜிலிருந்து மறுபடி மெயில், மறுபடி சீட்டு. சேரவேண்டிய நாளைக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்து அம்மா அவசர லீவில் போனாள். நான் சேருகிற நாளுக்கு முந்தின நாள் காலையில் அவள் கூப்பிட்டாள். "அவிய போய்ட்டாவ" என்றாள். பிறகு, "நாளைக்கு அடக்கம். நீ வராண்டாம். வந்தா சீட்டு போயிரும்" என்றாள். நான் டிக்கெட் பார்த்தேன். அன்றைக்கே ஃபிளைட் இருந்தது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு யூனிஃபார்மை அயர்ன் செய்தேன்.

முதல் நாள் கட்டில் விரிப்பு மடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரேக் விட்டதும் மாடிப்படிக்கு அடியில் போய் வீடியோ காலை எடுத்தேன். ஊரில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கல்லறைத் தோட்டம், பக்கத்திலேயே கடல், காற்றில் சாமியாரின் குரல் கேட்கவில்லை. பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். அம்மா போட்டாள். போட்டுவிட்டு நகராமல் மறுபடி குனிந்தாள். "நீங்க போட்டாச்சுல்லா, நவுருங்க" என்றது ஒரு ஆண்குரல்.

"இது மவளுக்கு" என்றாள் அம்மா. கை நிறைய அள்ளிப் போட்டாள்.

"அம்மா" என்று போனில் கூப்பிட்டேன். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.