கிளெனிஸுக்குப் பிடித்த நிறம்

குளிர் மிகுந்த கடலோர ஊரான பர்னியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெனிஸை விட்டுவிட்டு, அவள் கணவன் நெவில் போன கோடையில் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். சண்டை எதுவும் இல்லை. வெயில் அடிக்கிற ஊரில் வாழ வேண்டும் என்றான். கூட வருகிறாயா என்று கேட்கவில்லை. போகும்போது சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் ஏற்றிக்கொண்டான். கம்பளத்தில் சோபாக் கால்கள் அழுத்திய பள்ளங்கள் மட்டும் மிஞ்சின.

நெவில் மரச்சாமான் கடையில் வேலை பார்த்தவன். திரைச்சீலை முதல் தேநீர்க் கோப்பை வரை அந்த வீட்டில் எல்லாம் அவன் தேர்ந்தெடுத்தவை, எல்லாமே பழுப்பு. வெறிச்சோடிய கூடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் குளிர்காலம் முழுக்கத் தவித்த கிளெனிஸ், உள் அலங்காரம் செய்து தருகிற ஒருத்தியைக் கூப்பிடலாமா என்று தன் அக்கா டல்சியிடம் கேட்டாள்.

"ஏண்டி, நாற்காலிய எங்க போடணும்னு சொல்றதுக்குக்கூட ஆள் வைக்கணுமா? எங்கிட்ட கேளு, ஓசியிலயே சொல்றேன்" என்றாள் டல்சி.

அதுதான் கிளெனிஸுக்குப் பயமாக இருந்தது. மறுநாளே அலங்காரக்காரி பெத்ராவுக்குப் போன் செய்தாள்.

பெத்ராவுக்கு முப்பது வயது இருக்கும். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அத நெவிலத்தான் கேக்கணும்" என்றாள் கிளெனிஸ். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கெட்டிலைப் போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெத்ரா பின்னாலேயே போகவில்லை. தேநீர் வந்ததும் வேறு விதமாகக் கேட்டாள்: வழக்கமாக எங்கே உட்கார்ந்து டீ குடிப்பீர்கள்?

வீட்டில் நின்றபடியே குடித்துவிடுவதாகவும், நிம்மதியாகக் குடிப்பதென்றால் பேருந்தில்தான் என்றும் கிளெனிஸ் சொன்னாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் கடலோரமாக வண்டியை நிறுத்தி, ஃபிளாஸ்கைத் திறப்பாள். உயரமான இருக்கை, எதிரே பெரிய கண்ணாடி, அலையும் ஆளும் தெரியும், யாரும் கூப்பிட மாட்டார்கள். இதைச் சொல்லும்போது அவள் கைகள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் முன்னால் விரிந்தன.

அப்படி ஓர் இடத்தை வீட்டிலேயே அமைக்கலாம், வடக்குப் பக்கம் வெயில் வருகிறது, சன்னலைப் பெரிதாக்கினால் போதும் என்றாள் பெத்ரா.

கிளெனிஸ் உடனே தலையாட்டவில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா. இத்தன வருசம் நெவில் சொன்னான். இப்ப அவன் போயி நீ வந்துருவியோன்னு இருக்கு."

பெத்ரா கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் கொண்டு வர்றேன், நீங்க வேணாம்னு சொல்லுங்க. திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன். வேணாம்னு சொல்றதுக்கும் சேத்துத்தான் எனக்குச் சம்பளம்."

முதல் வாரம் கொண்டுவந்த சாம்பல் நிறத் துணியைக் கிளெனிஸ் தயங்கித் தயங்கி மறுத்தாள். அடுத்த வாரம் வந்த விளக்கை மறுக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. மூன்றாவதாக வந்த நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அவளுக்கே புதிதாக இருந்தது.

வசந்தத்தில் சன்னல் பெரிதாகிவிட்டது. சுவருக்குக் கிளெனிஸ் மஞ்சள் கேட்டாள். இன்னும் கொஞ்சம் வெளிறியதாக இருக்கலாமே என்று பெத்ரா சொல்லிப் பார்த்தாள், கிளெனிஸ் அசையவில்லை.

டல்சி வந்து பார்த்தாள். "கஸ்டர்ட கொட்டி வச்சாப்ல இருக்கு."

"ஆமா. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் கிளெனிஸ். சன்னலோரம் இருந்த உயரமான நாற்காலியில் டல்சி உட்காரப் போனபோது தடுத்தாள். "அங்க வேணாம்க்கா. அது என் எடம்."

டல்சி ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு, தான் உட்கார அடுக்களையிலிருந்து வேறொரு நாற்காலியை இழுத்து வந்தாள்.