முன்னுரையாரின் பேனாக்கத்தி

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் பெரிய கடை ஒன்றின் கிடங்கில் இருபத்தாறு வருஷமாகப் பெட்டி பிரிக்கிறவர் அவர். கிடங்கில் எல்லோரும் அவரை முன்னுரையார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மணி என்ன என்று கேட்டால், அந்தக் கைக்கடிகாரம் தனக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். அவசரக்காரர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய மனைவி அவரிடம் நேராக ஒரு பதில் வாங்கியது ஒரே ஒரு முறை. அதுவும் அவருக்குத் தொண்டை கட்டியிருந்த வாரத்தில்.

வாய்க்குத்தான் முன்னுரை, கைக்குக் கிடையாது. துணி துவைக்கும் இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ வந்து இறங்கியதும், கால்சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுப்பார். மரப்பிடி, விரல் நீள அலகு. நுனியில் நகத்தளவு மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அட்டைப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் நாடாவை ஒரே இழுப்பில் கீறுவார். நாடா பிளக்கும், உள்ளே இருக்கும் பளபளப்பான கதவில் ஒரு கோடு விழாது. இத்தனை வருஷத்தில் ஒரு பொருளில்கூடக் கீறல் இல்லை என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிவிடும் என்றாலும், சொல்வது சத்தியம்.

அந்தக் கத்திதான் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்தே கால் மணிக்கு, திருமணப் பதிவு அலுவலகம் இருந்த அரசுக் கட்டடத்தின் வாசலில் சோதனை இயந்திரத்தை அலற வைத்தது.

பதினொரு மணிக்கு அவருடைய தங்கைக்குக் கல்யாணம். நாற்பத்தாறு வயசு, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. முதல் கணவர் இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை ஒரு நூலகர், மெதுவாகப் பேசுகிறவர். முன்னுரையார் சொல்லும் எதையும் கடைசிவரை கேட்கிற ஒரே மனிதர் அவர்தான் என்பதால், இந்தச் சம்பந்தத்தில் முன்னுரையாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் மனசில் ஒரு பழைய முள் கிடந்தது. தங்கையின் முதல் கல்யாணத்தன்று லாரி ஒன்று தாமதமாக வந்து, அதை இறக்கிவிட்டு இவர் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, எல்லோரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டிருந்தார். தங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

இந்த முறை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "நீ வந்து கையெழுத்து போடாம நான் போட மாட்டேண்ணா. பதினோரு மணிய விட்டா அடுத்த தேதிக்கு ஆறு வாரம் ஆகும். பாத்துக்கோ."

எல்லோரும் முன்னாலேயே மாடிக்குப் போய்விட்டார்கள். வண்டியை நிறுத்திவிட்டு இவர் கடைசியாக வந்தார். புதுக் கால்சட்டைதான், ஆனால் காலையில் கை தானாகவே பழைய பையிலிருந்து புதுப் பைக்குக் கத்தியை மாற்றி வைத்திருந்தது.

வாசலில் நின்ற பெண் காவலர் அவரை ஓரமாக ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார். ஒரு மேசை, மூன்று நாற்காலி. மேசைக்குப் பின்னால் மீசை நரைத்த அதிகாரி. கத்தியை ஒரு தட்டிலும் கைபேசியை இன்னொரு தட்டிலும் வைத்தார்கள். அதிகாரி ஒரு படிவத்தை எடுத்தார். பேனா வைத்தால் யாராவது கொண்டுபோய்விடுகிறார்கள் போல, மேசைக் காலில் நூல் கட்டி ஒரு பென்சிலைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அலகு அளவுக்கு மேல இருக்கு. காரணம் எழுதணும். சரியா இருந்தா கத்திய இங்க வச்சிட்டு உள்ள போலாம். எதுக்கு வச்சிருக்கீங்க?"

"அது என்னன்னா சார்," என்று ஆரம்பித்தார் முன்னுரையார்.

கிடங்கில் ஆரம்பித்தார். அட்டைப்பெட்டிகளில் எத்தனை வகை, நாடாக்களில் எது நல்ல நாடா என்று விளக்கினார்.

"ஒரு வரிதான் இடம் இருக்கு," என்றார் அதிகாரி.

"சொல்றேன் சார். மத்தியானம் ஆப்பிள் நறுக்குவேன். யார் சட்டையிலயாவது நூல் தொங்கினா வெட்டி விடுவேன். என் வீட்டுக்காரி மூக்குக் கண்ணாடில திருகு கழண்டுடுச்சுன்னா இதாலதான் முடுக்குவேன். ஒரு தடவை லிஃப்ட் கதவுல ஒரு அம்மாவோட கழுத்துத் துணி மாட்டிக்கிச்சு..."

"கழுத்தா?" பெண் காவலர் நிமிர்ந்து பார்த்தார்.

"துணியதாம்மா வெட்டினேன்! அவங்க நல்லா இருக்காங்க, போன மாசம்கூட பாத்தேன்."

அதிகாரி பெருமூச்சு விட்டு, "தொழில், ஆப்பிள், கண்ணாடி, கழுத்துத் துணி" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுத முயன்றார். பென்சில் முனை மழுங்கி மொட்டையாகக் கிடந்தது. மரம் காகிதத்தில் உரசி, கர் கர் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில் முன்னுரையாருக்குப் பல் கூசியது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாமல் வலது கை தட்டுக்குப் போய், கத்தியை எடுத்து, கட்டைவிரலால் திறந்தது. இடது கையை அதிகாரி பக்கம் நீட்டினார்.

"குடுங்க சார்."

அதிகாரி துள்ளி எழுந்ததில் அவர் நாற்காலி தடால் என்று விழுந்தது. "கத்திய கீழ போடு!" என்று பெண் காவலர் போட்ட சத்தத்தில் வாசலில் வரிசை அப்படியே உறைந்து நின்றது. முன்னுரையார் கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"பென்சில் சார். பென்சில் மொட்டையா..."

"பேசாதீங்க!" அதிகாரிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "போலீஸ் முன்னாடியே கத்திய எடுத்து விரிக்கறீங்க. இனிமே இன்ஸ்பெக்டர் வந்து பாத்துதான். பன்னெண்டு மணிக்கு வருவாரு. உக்காருங்க."

மணி பத்து நாற்பது. பக்கத்து வீட்டுக்காரரின் வளைந்து வளைந்து போகும் கையெழுத்துதான் முன்னுரையாரின் கண் முன்னால் வந்தது. இருந்திருந்து இப்படியா ஒரு மடத்தனம் பண்ணுவேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

தட்டில் கைபேசி அடித்தது. திரையில் 'பாப்பா' என்று இருந்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மூன்றாம் முறை பெண் காவலர் எடுத்து, "அவரு கீழ சோதனை ரூம்ல இருக்காரு," என்றார்.

தங்கை படியிறங்கி ஓடி வந்தாள். புது உடுப்பு, தோளில் வழக்கமான பழைய கைப்பை. அறையின் நடுவில் நின்று அண்ணனையும் விழுந்து கிடந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க அண்ணனா?" என்றார் அதிகாரி. "எதுக்கு கத்தி வச்சிருக்கீங்கன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்மா. அரை மணி நேரமா பேசறாரு."

"பென்சில் சீவறதுக்கு சார்," என்றாள் அவள்.

அதிகாரியும் பெண் காவலரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு பென்சில?"

"என்னோடது. நான் ஒண்ணாவது படிக்கறப்பலேருந்து."

அவள் கைப்பையைத் திறந்து மூன்று பென்சில்களை மேசையில் வைத்தாள். மூன்றிலும் முனை ஒரே மாதிரி, நீளமாக, ஒரு பிசிறு இல்லாமல் இறங்கியிருந்தது. கல்யாணத்துக்கு வருகிறவள் பையில் பென்சில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஓவிய ஆசிரியை பை அது.

அந்த நாட்களில் அம்மா சலவைக்கூடத்து வேலைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். பன்னிரண்டு வயசு அண்ணன்தான் ஆறு வயசுத் தங்கைக்குத் தலை சீவி, பை எடுத்து வைத்து அனுப்புவான். அவள் அழுத்தி அழுத்தி எழுதுகிறவள். ஒரு பக்கம் எழுதுவதற்குள் முனை உடைந்து, வகுப்பில் உட்கார்ந்து அழுவாள். ஷார்ப்னரில் போட்டால் பாதிப் பென்சில் காலி. தாய்மாமா கொடுத்த பேனாக்கத்தியால் தினம் காலையில் மூன்று பென்சில் சீவி வைத்தான் அண்ணன். ஒன்று உடைந்தால் இரண்டு இருக்கும். நாற்பது வருஷத்தில் அலகு ஒரு தடவையும் பிடி ஒரு தடவையும் மாறின. பென்சில் சீவுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டப்பா, அவ்வளவுதான் வித்தியாசம். ஆப்பிள் முதல் லிஃப்ட் வரை சொன்னவர் இதை ஏன் சொல்லவில்லை என்றால், இது அவருக்கு ஒரு உபயோகமாகவே தோன்றியதில்லை. முகம் கழுவுவதை யாராவது காரணம் காட்டிச் சொல்வார்களா?

அதிகாரி ஒரு பென்சிலை எடுத்து முனையை விரலில் வைத்துப் பார்த்தார். "இதத்தான் பண்ண வந்தாரா?" என்று பெண் காவலரிடம் கேட்டார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். அதிகாரி பழைய காரணங்களை அழித்தார். தங்கையின் பென்சிலாலேயே, 'தங்கைக்குப் பென்சில் சீவ' என்று எழுதினார். ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

"கத்தி இங்க இருக்கட்டும், போறப்ப வாங்கிக்கங்க. ஓடுங்க, மணி பத்து அம்பத்தாறு!"

மாடியில் பதிவாளர் புத்தகத்தைத் திருப்பிவைத்துக் கேட்டார். "மணப்பெண்ணுக்கு நீங்க என்ன உறவு?"

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தார்.

"அண்ணன்."

குனிந்து, தங்கை மாதிரியே அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது.

கீழே இறங்கி வந்தபோது, மேசையில் கத்தியும், அதன் பக்கத்தில் ஏழு மொட்டைப் பென்சில்களும் காத்திருந்தன. "அவசரம் இல்லன்னா..." என்று இழுத்தார் அதிகாரி. பெண் காவலர் தானே நாற்காலியை எடுத்துப் போட்டார். முன்னுரையார் உட்கார்ந்து முதல் பென்சிலை எடுத்தார்.

"எத்தனை வருஷமா இருக்கு இந்த கத்தி?" என்று அதிகாரி வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அது என்னன்னா சார், அதுக்கு எங்க மாமா வீட்டு ஜன்னல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மனைவி தலையில் கை வைத்தாள். தங்கை சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனாள். மாப்பிள்ளை மட்டும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க மச்சான்," என்றார்.