தூண்டில் கழியும் மரத்துப்போன மூன்று விரல்களும்

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். இதை வாயால் சொல்லத் தொடங்கியிருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பேன். அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டியில், கப்பல் வந்து நிற்கும் துறையில், நடந்தது இது. அப்போது காட்டு மரம் வெட்டி ஏற்றும் ஒரு கண்டிராக்டரிடம் எங்கள் ஆட்கள் வேலை பார்த்தார்கள். மதுரைப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம், ராமநாதபுரத்துப் பக்கம் என்று எல்லாம் கலந்த கூட்டம். தகரக் கொட்டகையில் வரிசையாகப் படுக்கை, பின்னால் ஒரு சமையல் கொட்டகை. அதில் நான்தான் சமையல்காரன். அங்கே சமையல்காரனைப் 'பண்டாரி' என்பார்கள். என் பெயரே அதுவாகிவிட்டது.

ஸ்டோரில் கிடைப்பது அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு. தோட்டத்தில் காய்ப்பது பூசணி. இதையே தின்று தின்று ஆட்கள் முகம் சுளித்தார்கள். நான் கண்மாய்க்கரை ஊரில் தூண்டில் போட்டு வளர்ந்தவன். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜெட்டிக்குப் போய்க் கழியைப் போட்டுவிட்டு இருட்டும்வரை நிற்பேன். பாரை, விளமீன் எது கிடைத்தாலும் ராத்திரிக் குழம்பு. கடற்கரை ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் தூண்டில் நரம்பை வெறுங்கையில் விட்டு இழுப்பவர்கள். எனக்குக் கழி இல்லாமல் மீன் பிடிக்கத் தெரியாது. ஜெட்டித் தூண்களைச் சுற்றி ஒட்டுச் சிப்பி அப்பியிருக்கும். அதில் உரசினால் நரம்பு அறுந்துவிடும். அதைத் தாண்டிப் போட நீளக் கழி வேண்டும். நான் வெட்டி வைத்திருந்த காட்டு மூங்கிலுக்கு நுனியில்தான் கனம். நீரோட்டம் வேறு இழுக்கும். கை நழுவினால் கழி கடலோடு போய்விடும் என்ற பயத்தில் பாம்பின் கழுத்தைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இப்படி நின்றேன். முதலில் பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் எறும்பு ஊர்ந்தது. பிறகு விடியற்காலையில் கை செத்த மாதிரி கிடந்தது. உதறினால் உயிர் வரும். பிறகு உதறினாலும் வரவில்லை.

ஒரு நாள் சோற்றுப் பானையை இறக்கினேன். துணி நழுவி, விரல் பானை விளிம்பில் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தட்டோடு நின்ற திருநெல்வேலிக்காரன்தான் பார்த்தான்.

"ஏல பண்டாரி, வெரலு கொப்பளிச்சுக் கெடக்கு. ஒனக்குச் சுடலையாக்கும்?"

"தெரியலியே" என்றேன். உள்ளதைச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவன் முகம் மாறிவிட்டது. தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி என் சோறு பானையோடு கிடந்தது. யாரும் என்னைப் பார்த்து அந்த நோயின் பேரைச் சொல்லவில்லை. தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பெருவியாதி, அதாவது தொழுநோய். சூடு தெரியாமல் போவதுதான் அதன் முதல் அடையாளம் என்று அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். காலையில் மேஸ்திரி வந்தார், மதுரைக்காரர். நல்ல மனிதர்தான். சமையல் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஒன்னையக் குத்தஞ் சொல்லலய்யா. நாப்பது பேரு ஒங் கையால திங்குறாய்ங்க. அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிரு. அங்கன ஒடம்பைப் பாத்துக்க."

ஊரில் எனக்கு யாரும் இல்லை. இருந்தாலும் அப்படிப்பட்ட பேரோடு போய் யார் வாசலில் நிற்பது? எப்போதும் 'சரிங்கய்யா' என்று சொல்லும் வாய், அன்றைக்கு "நான் போகமாட்டேன்" என்றது. சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மேஸ்திரியும் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது பேசினார்களோ என்று.

நேரே மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த வங்காளி டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பெல்லாம் பார்த்தார். பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார், சுடுதண்ணீர்க் குப்பி, பச்சைத்தண்ணீர்க் குப்பி வைத்துப் பார்த்தார், முழங்கையில் நரம்பைத் தடவினார். தேமல் இல்லை, தடிப்பு இல்லை. பிறகு என்ன வேலை செய்கிறாய் என்றார். தெரிந்த இந்தியில் சொன்னேன். தன் குடையைக் கொடுத்துத் தூண்டிலைப் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"அரே, சோடோ! விடு, குடை செத்துப்போகும்" என்று பிடுங்கிக்கொண்டார். மணிக்கட்டு நரம்பு நெரிபட்டிருக்கிறது, இது அந்த நோய் இல்லை, கைக்கு ஓய்வு கொடு என்றார். நான் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். அந்த நோயாகவே இருந்தாலும் இப்போது மாத்திரை இருக்கிறது, அதற்காக யாரையும் கப்பல் ஏற்ற வேண்டியதில்லை. அப்போது இருந்த சந்தோஷத்தில் அதைக் காதில் வாங்கவில்லை.

ஓடி வந்து கொட்டகையில் சொன்னேன். திருநெல்வேலிக்காரன், "டாக்டரு மாத்தலாகிப் போயிருவாரு. நாங்கல்லா ஒன் சோத்தத் திங்கணும்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குள் வேறு ஒருவன் என் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. "கப்பல் வர்ற வரைக்கும் பாருங்க. அன்னைக்கும் இந்த வெரலு மரத்துக் கெடந்தா நானே ஏறிப் போறேன். இல்லேன்னா ஒருத்தனும் என்னையப் போகச் சொல்லக் கூடாது" என்றேன். அவ்வளவு நீளமாக அதற்கு முன்னால் நான் பேசியதே கிடையாது.

கப்பல் வருகிற நாள் அந்தக் காலத்தில் கப்பலுக்கே தெரியாது. நாளையும் வரலாம், மாதமும் ஆகலாம்.

கைக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். ஆனால் சம்பளமும் சோறும் நின்றுபோன பிறகு, எனக்கு அந்தக் கழிதான் சமையல் கொட்டகை. அதுவும் போக, நான் கழியைக் கீழே வைத்தால் 'பார், பிடிக்க முடியவில்லை' என்பார்கள். வைக்கமாட்டேன் என்று வீம்பாக நின்றேன். படுக்கையை ஜெட்டி ஓரத்தில் சாமான் போட்டுவைக்கும் பழைய பாறாங்கல் கிட்டங்கிக்கு மாற்றிக்கொண்டேன். கை மரத்துப்போனால் கழியைத்தான் மாற்ற வேண்டும் என்று தீர்மானம் செய்தேன்.

தண்ணீர் எடுக்கும் வாளியைப் பார்த்துத்தான் முதல் யோசனை வந்தது. கம்பி கையை அறுக்கிறது என்று அதற்கு எப்போதோ துணி சுற்றியிருந்தேன். வாளிக்குத் தோன்றியது கழிக்குத் தோன்றவில்லை. பிடிக்கும் இடத்தில் சாக்குத்துணி சுற்றினேன். நனைந்து கனத்து, மீன் வழவழப்பும் சேர்ந்து வழுக்கியது. அவிழ்த்துவிட்டுக் கயிறு சுற்றினேன். உள்ளங்கை பிறாண்டிப் போனது. கடைசியில் கயிற்றுக்கு மேல் கிழிந்த லாரி டியூபை வார்வாராக வெட்டி இழுத்துச் சுற்றினேன். பெருவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கிற பருமன். அது கைக்கு இதமாக உட்கார்ந்தது. நுனிக்கனம் போக, அடிமுனையில் பழைய இரும்பு நட்டுகளைக் கட்டினேன். கழி தராசு முள் மாதிரி சும்மா நின்றது.

இவ்வளவு செய்தும் சாயங்காலம் ஆனால் விரல் மரத்தது. கழி மாறியது, என் பிடி மாறவில்லை. சரி, தளர்த்திப் பிடிப்போம் என்று ஒரு நாள் தளர்த்தினேன். பெரிய பாரை ஒன்று வெடுக்கென்று இழுத்தது. கழி கையை விட்டுப் பறந்து தண்ணீரில் விழுந்தது. மரம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"போச்சு! வெரலு இருந்தாத்தானல நிக்கும்" என்று ஒரு குரல். சிரிப்பு.

குதித்தேன். சிப்பி காலைக் கிழித்தது. நீந்திப் போய்க் கழியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மீன் போயிருந்தது. ஜெட்டியில் ஏறி, ரத்தம் வடிய உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. என் விரலை நெரித்தது மூங்கில் இல்லை. கழி போய்விடும் என்ற பயம். அவர்கள் முன்னாலேயே ஒரு கயிற்றை எடுத்து, ஒரு முனையைக் கழியின் அடியிலும் மறுமுனையை ஜெட்டிக் கட்டையிலும் கட்டினேன். இனி நான் விட்டாலும் கழி போகாது.

அதற்குப் பிறகு கவட்டைக் குச்சியில் கழியைச் சாய்த்துவைத்து, கையை மேலே சும்மா வைத்திருப்பேன். மீன் தொட்டால்தான் பிடி. இடையிடையே விரல்களை விரித்து மடக்குவேன், கை மாற்றுவேன். தனியாக மூன்று கல் வைத்துக் குழம்பு காய்ச்சித் தின்பேன். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிப் பார்ப்பேன். முதலில் அரிசிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் தெரிந்தது. மறுநாள் தெரியவில்லை. அழுதிருக்கிறேன். மழை விட்டு வானம் வெளுக்கத் தொடங்கிய ஒரு காலையில், சின்னக் கல் ஒன்று நடுவிரலில் முள் மாதிரிக் குத்தியது. அதை மடியில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

கப்பல் வந்தது. சாமான் இறங்கி முடிந்ததும் எல்லாரும் கிட்டங்கி முன்னால் கூடிவிட்டார்கள். மேஸ்திரி தன் துண்டால் என் கண்ணைக் கட்டினார். திருநெல்வேலிக்காரன் ஒவ்வொன்றாக என் விரலில் வைத்தான்.

"துவரம் பருப்பு" என்றேன். அடுத்து வைத்தான். "மசூர்." அடுத்தது, "புளியங்கொட்டை." பிறகு தூளாக ஏதோ. "இது உப்பு. பக்கத்துல சீனி. ஸ்டோர்லருந்து சீனியை யாருல எடுத்தது?" கூட்டம் சிரித்தது. அவன் விடவில்லை. சத்தமில்லாமல் ஒரு முள்ளை எடுத்துப் பெருவிரலில் சொருகிவிட்டான். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அதைப் பத்திரிகையில் எழுத முடியாது. அவன் அம்மா அதைக் கேட்டிருந்தால் என்னை உயிரோடு விட்டிருக்கமாட்டாள்.

அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஸ்திரி துண்டை அவிழ்த்தபடி, "உணர்ச்சி நல்லாவே இருக்குய்யா! வா, வந்து அடுப்பப் பத்த வையி. அந்தப் பய காய்ச்சுறது குழம்பா, கழனித்தண்ணி" என்றார்.

இதைக் கேட்கத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் கேட்டபோது உள்ளே ஏதோ மறித்தது. மேட்டு ஆஸ்பத்திரி டாக்டர் கடைசியாகச் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

"தேறாம இருந்திருந்தா?" என்றேன்.

"அதான் தேறிருச்சேய்யா."

"தேறாம இருந்திருந்தா? மாத்திரை தின்னுகிட்டு உங்களோட இருக்க விட்டிருப்பீங்களா?"

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கப்பல் ஊதியது. ஏணியைத் தூக்கினார்கள். "நான் ஊருக்கும் போகல, உங்க அடுப்புக்கும் வரல. இங்கனதான் சமைப்பேன். வேணுங்கிறவங்க வாங்க" என்று சொல்லிவிட்டுக் கழியை எடுத்துக்கொண்டு ஜெட்டி முனைக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று தெரியாது.

மறுநாள் மதியம் முதலில் வந்தவன் திருநெல்வேலிக்காரன்தான். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "என்னல பாக்க? சோத்தப் போடு" என்றான்.

"கையைக் காட்டு" என்றேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. இரண்டு உள்ளங்கையையும் நீட்டினான். நன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

"கழுவிட்டு வா."

அதுதான் என் சாப்பாட்டுக் கடையின் முதல் நாள். மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். தகரம் போட்டேன், பெஞ்சு போட்டேன். ஓரிரு வருஷம் கழித்து, மரம் இழுக்கும் யானைகளின் முகாமிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு நிஜமாகவே அந்த நோய். விரல்கள் குறுகியிருந்தன. தூரத்தில் நின்று, இலையைத் தரையில் வைத்துவிட்டு விலகிப் போனார். சோற்றை அதில் போட்டுவிடச் சொல்லிச் சைகை காட்டினார். பழக்கம்போல. நான் போய் இலையை எடுத்துவந்து பெஞ்சில் போட்டு, "இங்க உக்காருங்க" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவன் அன்றைக்குப் பிறகு வரவேயில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியவர் அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். குழம்பில் உப்புக் குறைச்சல் என்றார்.

இன்றைக்கும் சில விடியற்காலையில் அந்த மூன்று விரலும் மரத்துக் கிடக்கும். எனக்கு ஒன்றும் பயமில்லை, உதறிவிட்டு எழுந்துகொள்வேன், ஆனால் நான் சுத்தமானவன் என்று நிரூபிக்க இனி எவன் முன்னாலும் இந்தக் கையை நீட்டுவதாக இல்லை.

எழுதி முடித்தது: ஐப்பசி ஒன்பதாம் தேதி, கடை மூடிய பிறகு.